வெலிமடைக்குக் குடிபோனால் வரி குறையுமா?

கேள்வி: நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வயது 58. மனைவிக்கு 54, கொழுந்து எடுக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு அவர் ஊவா பக்கத் தோட்டமொன்றில் பேர் பதிந்து வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் ஊவா மாகாணத்து வெலிமடைப் பக்கம் காணி வாங்கிக் குடியேற யோசிக்கிறோம். மாகாணம் மாறினால் வரி குறையுமா? என் பெயரிலுள்ள 30 இலட்ச ரூபா வைப்பின் வட்டியில் வங்கி வெட்டுகிறதே, அதைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்: வரி குறையாது. வருமான வரி நாடு முழுவதற்கும் ஒன்றுதான், ஊழியர் சேமலாப நிதியும் (ஈ.பி.எஃப்.) அப்படியே. ஹக்கலையைத் தாண்டி ஊவாவுக்குள் போனாலும் ஒரு சதம் மாறப்போவதில்லை. மாகாணக் கணக்கில் சேர்வது காணி உறுதிக்கான முத்திரை வரி, வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் போன்றவை. முத்திரை வரியை நீங்கள் குடியிருக்கும் மாகாணத்துக்கு அல்ல, காணி இருக்கும் மாகாணத்துக்கே கட்ட வேண்டும். வழக்கமான கணக்கு, முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 20 இலட்ச ரூபா காணிக்கு 79,000 ரூபா வரும். நொத்தாரிசு கட்டணம் வேறு. காணி விலை பேசும்போதே இதையும் கையில் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வட்டிக்கு வருவோம். 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் வட்டியில் 10 சதவீதத்தைப் பிடித்து இறைவரிக்கு அனுப்புகின்றன. அதற்கு முன் 5 சதவீதம். வட்டி 8 சதவீதம் என்று வைத்தால் உங்கள் வைப்புக்கு வருடத்துக்கு 2,40,000 ரூபா வரும், அதில் 24,000 போய்விடும். ஆனால் ஒருவரின் வருடாந்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால் அவருக்கு வருமான வரியே இல்லை. மாதம் 60,000 சம்பளம் என்றாலும், வட்டியையும் சேர்த்து உங்களுக்கு 10 இலட்சம்கூட வராது. மனைவியின் வருமானத்தை உங்களோடு கூட்ட மாட்டார்கள். ஆகவே இறைவரித் திணைக்களத்தில் டின் எனும் வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் எடுத்து, வருமானம் அந்த 18 இலட்சத்தைத் தாண்டாது என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் சுய பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுங்கள். வரியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது, படிவத்தையும் வருடாவருடம் கொடுக்க வேண்டும். டின் எடுத்தால் வரிக்காரன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நம் தோட்டங்களில் ஒரு பயம் இருக்கிறது. அது வெறும் இலக்கம், அதனால் வரி ஏறாது. ஏற்கெனவே வெட்டிய காசையும் வரி விபரத்திரட்டு தாக்கல் செய்து திருப்பிக் கேட்கலாம்.

நீங்கள் கேட்காத விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: மனைவியின் பழைய தோட்டத்து ஈ.பி.எஃப். கல்யாணத்தோடு அந்தத் தோட்டத்தை விட்டு வந்தவர் புதுத் தோட்டத்தில் புது இலக்கத்தில் சேர்ந்திருப்பார். பழைய கணக்கு மத்திய வங்கியில் அப்படியே கிடக்கலாம். பெண்களுக்கு 50 வயதிலேயே அதை எடுக்கும் உரித்து வந்துவிடுகிறது, ஆண்களுக்கு 55. சிக்கல் பெயரில்தான் வரும். செக்ரோல் எனும் தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. அந்தக் காலத்து ஆபீஸில் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். பழைய பி அட்டையோ (ஈ.பி.எஃப். அங்கத்துவ அட்டை) சம்பளத் துண்டோ வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு பழைய தோட்டத்து ஆபீஸில் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு, இரண்டு பெயரும் ஒருவருடையவைதான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் ரெண்டு மூன்று முறை அலைய வேண்டி வரலாம். வேலையில் இருக்கும்போதே இதைத் தொடங்கினால் தோட்டத்து ஆபீஸில் கையெழுத்து வாங்குவது சுலபம்.

அப்புறம் சேவைக்காலப் பணம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு அது உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்து 30 வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 5,67,000 ரூபா. வேலையை விட்ட 30 நாளுக்குள் தோட்டம் அதைக் கொடுத்தாக வேண்டும், பிந்தினால் மேலதிகத் தொகையும் சேரும். தரவில்லையென்றால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் வாயால் சொல்லிவிட்டு ஊவாவுக்குப் போய்விடாதீர்கள்.

வருகிற காசையெல்லாம் ஒரே நிதி நிறுவனத்தில் கொட்டவும் வேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைக்கும்தான்.