நைட்ரோவுக்கு முன் ஆயிலைப் பாருங்கள்

கேள்வி: 1/8 அளவு ரிமோட் கண்ட்ரோல் பக்கி கார் வாங்கியிருக்கிறேன், 3.5 சிசி எஞ்சின். கடையில் 16, 25, 30 சதவீத நைட்ரோ எரிபொருள்கள் இருக்கின்றன. 30 ஊற்றினால் வேகம் கூடும் என்கிறார் நண்பர். மாடல் விமானத்துக்கு வாங்கிய எரிபொருளும் வீட்டில் மிச்சம் இருக்கிறது. எதை ஊற்றுவது?

பதில்: எஞ்சினோடு வந்த கையேடு வேறு அளவு சொல்லாவிட்டால் 25 வாங்குங்கள். இந்த எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன் (அதுதான் நைட்ரோ), ஆயில் மூன்றும் கலந்தது. ஆனால் கேனைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது ஆயிலின் அளவு. இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் ஓடும்போது பிஸ்டன், கனெக்டிங் ராட், பேரிங் அனைத்துக்கும் எரிபொருளில் கலந்த ஆயில்தான் ஒரே காப்பு. பந்தயக்காரர்கள் 8 அல்லது 9 சதவீதத்தில் ஓட்டுவார்கள். அவர்களுக்கு டியூனிங் கைவந்த கலை. நீங்கள் 11, 12 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். அதில் கொஞ்சம் ஆமணக்கெண்ணெயும் இருந்தால் மிக நல்லது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, செயற்கை ஆயில் கைவிட்ட பிறகும் அது காக்கும். உள்ளே கறை படியும் என்பது உண்மைதான், கறையைத் துடைத்துவிடலாம்.

நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. ஒரு கிராம் மெத்தனால் எரிய 6.4 கிராம் காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிராம் போதும். ஆகவே அதே காற்றில் அதிக எரிபொருளை எரிக்கலாம். சக்தி கூடும், ஐடிலும் (கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) நிதானமாக நிற்கும். இந்த ஐடில் நிதானத்துக்காகவே புதியவர்களுக்கு 25 என்கிறேன். ஆனால் 25-இலிருந்து 30-க்குப் போகிறவர் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான ஹை ஸ்பீடு நீடிலைத் திறந்து எரிபொருளைக் கூட்டியாக வேண்டும். மறந்தால் கலவையில் எரிபொருள் குறைந்து, அதாவது லீன் ஆகி, எஞ்சின் கொதிக்கும். கலவை உரிய நேரத்துக்கு முன்பே எரியவும் தொடங்கும். அதைத் தடுக்க, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் 0.1 மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிய வளையம்) ஒன்று கூடுதலாகவும், எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கில் இன்னும் கோல்டான, அதாவது சூடு குறைந்த, வகையும் தேவைப்படலாம். இத்தனையும் செய்து கிடைக்கும் கூடுதல் வேகம் மண் தரையில் டயர் சறுக்கிப் போய்விடும்.

16 சதவீதக் கேன்கள் பெருகியதற்குக் காரணம் ஐரோப்பியச் சட்டம். நைட்ரோமீத்தேன் வெடிபொருள் தயாரிக்கவும் உதவும் என்பதால், 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு 16 சதவீதம்தான் வரம்பு. அது எடைக் கணக்கு. கன அளவில் சுமார் 12 சதவீதமே வரும். கேன்களை ஒப்பிடும்போது எடையா, கன அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 16-இலும் எஞ்சின் நன்றாகவே ஓடும்.

விமான எரிபொருளை விமானத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நைட்ரோ 5 முதல் 15, ஆயில் 18 முதல் 20 சதவீதம் இருக்கும். காரில் புகைதான் மிகும், இழுவை இருக்காது. கார் எரிபொருளை விமானத்தில் ஊற்றுவதோ அதைவிட மோசம்: ஆயில் போதாமல் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்கும் நாளிலிருந்தே ஒரே எரிபொருளை ஊற்றுங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் மூடி எப்போதும் இறுக்கமாக இருக்கட்டும். மெத்தனால் நஞ்சு, வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஓட்டி முடித்ததும் டாங்கைக் காலி செய்து, மிச்சத்தை எரித்துத் தீர்த்து, துருவைத் தடுக்கும் ஆஃப்டர்-ரன் ஆயில் சில சொட்டு விட்டு எஞ்சினைச் சுழற்றிவிடுங்கள். இல்லையென்றால் பின் பேரிங்தான் முதலில் துருப்பிடிக்கும்.