நாளைக்கு என்றால் எப்போது?

அன்புள்ள அண்ணா,

என் மகனுக்கு நாலரை வயது, அங்கன்வாடிக்குப் போகிறான். நாள், கிழமை புரியட்டும் என்று ஒரு மாதத்துக்குக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். தினம் ஒரு கட்டம், கிழமைக்கு ஒரு வண்ணம். நாலு நாள் ஒழுங்காகத் தீட்டினான். ஐந்தாம் நாள் நான் ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் மிச்சக் கட்டம் மொத்தத்தையும் பச்சையால் தீட்டிவிட்டு, “முடிஞ்சிருச்சு, அப்பாவக் கூப்புடு” என்கிறான். அவருக்குப் பெங்களூரில் கட்டட வேலை, அமாவாசைக்கு அமாவாசைதான் வருவார். கோபத்தில் தாளைக் கிழித்துவிட்டேன். போன தீபாவளியும் அவனுக்கு ‘நேத்து’, இன்று காலையும் ‘நேத்து’. புத்தி மந்தமா? ஸ்கெட்ச் நல்லதா, கிரேயானா? தமிழ் மாதம் போடுவதா, இங்கிலீஷ் மாதமா?

ஓர் அம்மா, காவேரிப்பட்டணம்

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்கெட்சோ கிரேயானோ, வீட்டில் இருப்பதைக் கொடுங்கள். மந்தம் என்ற சொல்லை இனி அந்தப் பிள்ளையோடு சேர்த்துப் பேசாதீர்கள். நாலரை வயதில் நடந்து முடிந்த எல்லாவற்றுக்கும் பெயர் நேற்றுதான். 1928இல் ஐன்ஸ்டைன் கேட்ட கேள்விகளால் தூண்டப்பட்டு, குழந்தைகளுக்குக் காலம் எப்படிப் புரிகிறது என்று ஆராய்ந்தார் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர். இரண்டு பொம்மைகளை ஒன்றாகக் கிளப்பி ஒன்றாக நிறுத்திக் காட்டினால், அதிக தூரம் போன பொம்மைதான் அதிக நேரம் ஓடியது என்றார்கள் சின்னப் பிள்ளைகள். தூரமும் நேரமும் அவர்களுக்கு இன்னும் பிரிந்திருக்கவில்லை. உங்கள் மகனுக்கும் அப்படித்தான். கட்டத்தைத் தாண்டினால் நாளையும் தாண்டியாயிற்று.

அந்தத் தாளைக் கிழித்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அப்பா வரட்டும் என்று இருபத்துச் சொச்சம் கட்டத்தை ஒரே மூச்சில் தீட்டியிருக்கிறான். அந்தச் சின்னக் கை எப்படி வலித்திருக்கும்!

நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே நாள் எண்ணக் கற்றவன். பென்னாகரம் பக்கம் எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். அட்டையில் முட்டை நீலம் பாய்ந்து கறுத்தால் மறுநாள் காலை பொரியும். அதிலிருந்து கூடு கட்டும்வரை புழு நாலு தடவை தோலுரிக்கும். ஒவ்வொரு தடவையும் தின்பதை விட்டுவிட்டு, தலையைத் தூக்கியபடி ஒரு நாள் அசையாமல் கிடக்கும். அப்போது இலை போடக் கூடாது. ராத்திரி கடைசி இலை போட்டு முடித்ததும் ஆயா (என் பாட்டி) சுவரில் சுண்ணாம்புப் பொட்டு ஒன்று வைப்பார். புழு கிடக்கிற நாளுக்கு மட்டும் கரிப்பொட்டு. நாலாவது கரிப்பொட்டுக்கு அப்புறம் ஏழெட்டு வெள்ளைப் பொட்டு. அதற்குள் புழு பழுத்து, உடம்பில் வெளிச்சம் ஊடுருவும். எடுத்துச் சந்திரிகையில், அதாவது புழு கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டில், விடுவார்கள்.

ஒரு தடவை, கூடு விற்றதும் ஒகேனக்கல் போகலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். மூன்றாவது கரிப்பொட்டு தாண்டியதும் புழுக்களுக்குப் பால் நோய் வந்துவிட்டது. உடம்பு ஊதி, தோல் கிழிந்து, பால் மாதிரி வடியும். கூடை கூடையாகக் குழியில் கொட்டி மூடினார்கள். நான் அப்பா பின்னாலேயே போய் “ஒகேனக்கல்?” என்றேன். அவ்வளவு துக்கத்திலும் அவர் நாளைக்கு என்று சொல்லவில்லை. சுவருக்கு முன்னால் என்னை உட்காரவைத்து, “இந்தக் கூடு இல்லடா. அடுத்த கூடு. மறுபடி ஒண்ணுலேர்ந்து வெக்கணும்” என்றார். ஆயா ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்தார். அடுத்த கூடு விற்றது, போனோம். பரிசலில் ஏறப் பயந்து நான் அழுதேன்.

நம் வீடுகளில் இந்த ‘நாளைக்கு’ என்ற சொல்லை என்ன பாடு படுத்துகிறோம்! பொம்மை கேட்டால் நாளைக்கு. சந்தைக்கு நானும் வரேன் என்றால் நாளைக்கு. அப்பா எப்போ வரும் என்றால் நாளைக்கு. விடிந்ததும் ஓடி வந்து கேட்டால் அன்றைக்கும் நாளைக்குத்தான். கொஞ்ச நாளில் பிள்ளைக்கு அந்தச் சொல்லின் பொருள் ‘கிடையாது’ என்று ஆகிவிடுகிறது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள், மறுக்காதீர்கள். சுவரில் கட்டத்தை ஒட்டிவிட்டு வாயால் பொய் நாளைச் சொன்னால் அவன் எதை நம்புவான்? போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப் போங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். அழுவான், அழட்டும். ஏமாற்றுவதைவிட அது மேல்.

எந்த மாதம் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். உங்கள் வீட்டு மாதம் அமாவாசையில் தொடங்கி அமாவாசையில் முடிகிறது. காலண்டரைப் பார்த்து எண்ணிக்கொண்டு 29 அல்லது 30 கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டத்தில், காலண்டரில் இருப்பது போலவே, ஒரு கறுப்பு வட்டம். அவனையே வரையச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு வண்ணம் என்ற ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். காலையில் தீட்டவே விடாதீர்கள். ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும் முன் “இன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டு, அதற்கு அவன் எடுக்கிற வண்ணத்தைத் தீட்டட்டும். மழை பெய்ததற்கு மஞ்சள் எடுத்தாலும் திருத்தாதீர்கள்.

அவர் போனில் பேசும்போது இதைச் சொல்லிவையுங்கள். அந்த அமாவாசைக்கு வர முடியாமல் போனால், எந்த நாள் வருவார் என்பதை அவரே மகனிடம் சொல்லட்டும், நீங்கள் இன்னும் எத்தனை கட்டம் என்று எண்ணிச் சேர்த்து வரைந்து கொடுங்கள்.

கிழித்த தாளின் துண்டுகள் குப்பைக்குப் போகாமல் இருந்தால், பின்பக்கம் காகிதம் வைத்து ஒட்டி எடுத்து வையுங்கள். வந்ததும் அவன் அப்பாவிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணன்