பொப்பியும் பூவரசும்: திருமலையின் முன்னாள் படைவீரர்கள் பற்றிய கேள்வி பதில்

நவம்பர் 11 நெருங்கினாலே நம் திருமலையின், அதாவது திருகோணமலையின், முன்னாள் படைவீரர்களைப் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உவர்மலையிலிருந்து ஒரு மாணவி: ஐயா, பொப்பி மலர் விற்பது இங்கே யாருக்காக?

1918 நவம்பர் 11இல் முதலாம் உலகப் போர் ஓய்ந்தது. 1921இல் பிரித்தானியாவில் முன்னாள் படைவீரர்களுக்கென்று பிரிட்டிஷ் லீஜன் என்ற சங்கம் உருவாகி, அவர்களுக்குப் பணம் சேர்க்க அந்த நாளையொட்டிச் சட்டையில் குத்தும் சிவப்புப் பொப்பி மலர் விற்பனையும் தொடங்கியது. அந்த வழக்கம் இங்கேயும் வந்தது. இன்று இதை நடத்துவது இலங்கை முன்னாள் படைவீரர் சங்கம். முதல் மலரை ஜனாதிபதிக்கு அணிவிப்பார்கள்.

ஆனால் பிள்ளை, இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அன்றைக்குச் சேர்ந்த பணத்தில் பெரும்பங்கு கப்பலேறிப் பிரித்தானியாவுக்குப் போனது. இங்கிருந்து போருக்குப் போய்த் திரும்பிய இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். அதைப் பொறுக்காமல் 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் பொப்பிக்குப் போட்டியாக இன்னொரு மலரை விற்கத் தொடங்கினார். 'சூரிய மல்' என்று சிங்களத்தில் சொல்லும் அந்தப் பூ வேறொன்றுமில்லை, நம் வேலியோரத்துப் பூவரசம் பூதான். காலையில் மஞ்சளாக விரிந்து, பொழுது சாயும்போது சிவந்து வாடுமே, அதே பூ. 1933இல் இளைஞர் அமைப்புகள் அதைக் கையிலெடுத்தன. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது ஊர் ஊராக மருந்தும் உணவும் கொண்டுபோனவர்களில் சூரிய மல் தொண்டர்களும் இருந்தார்கள். இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் பிறந்ததும் அந்த வட்டத்திலிருந்துதான். நம் படைவீரர்களுக்கு ஒரு பங்கு கேட்ட குரல் அவ்வளவு தூரம் போனது. பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

லண்டனில் வாழும் திருமலைக்காரர்: என் அப்பப்பா இரண்டாம் உலக யுத்தகாலத்தில் டொக்யார்டில் (கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில்) வேலை பார்த்தவர். அவரையும் முன்னாள் படைவீரர் என்று சொல்லலாமா?

சங்கங்களின் கணக்குப்படி சொல்ல முடியாது தம்பி. சீருடை அணிந்து, கையெழுத்திட்டுப் படையில் சேர்ந்தவரைத்தான் அவர்கள் படைவீரர் என்பார்கள். டொக்யார்ட் தொழிலாளி சிவிலியன்.

ஆனால் 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது குண்டுகள் சீருடை பார்த்து விழவில்லை. துறைமுகம், டொக்யார்ட், சீனக்குடா விமானத்தளம் எல்லாமே அடிபட்டன. எண்ணெய்க் குதம் ஒன்றின்மேல் ஒரு விமானம் விழுந்து அது பற்றியெரிந்தது. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்ற கப்பல் தீப்பிடித்தது. பிறகு அதை அங்கேயே மூழ்கடித்துவிட்டார்கள். 2018இல்தான் கடற்படை அதை மேலே கொண்டுவந்தது. 1944இல் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை இங்கே திரும்பிவந்து சுமாத்திரா பக்கம் தாக்கப் புறப்பட்டபோதும், கப்பல்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுத்தவர்களில் நம் ஊர்த் தொழிலாளர்களும் உண்டு. சங்கத்துப் பதிவேட்டில் அவர்களுக்கு இடமில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1957 அக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. அந்தத் தளத்து வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டையும் யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லை.

அப்பப்பாவின் வேலை அட்டை, பாஸ், சம்பளத் துண்டு ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, பின்னால் யார், எந்த ஆண்டு என்று குறித்துவையுங்கள்.

மூதூர் வாசகர்: அம்மப்பாவின் பெட்டியில் ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் ஒன்று கிடைத்தது. பின்பக்கம் பெயரே இல்லை. போலியா?

பெயரில்லாததை வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிரித்தானியா கொடுத்த நட்சத்திரங்களில் பெரும்பாலும் பெயர் பொறிப்பதில்லை. நடுவில் கிரீடமும் அரசர் ஆறாம் ஜார்ஜின் எழுத்துகளும் இருக்கும். சுற்றியுள்ள வளையத்தில் எந்தப் போர்முனை என்று எழுதியிருக்கும். அதை முதலில் வாசியுங்கள், அவர் எங்கே இருந்தார் என்பதற்கு அதுதான் துப்பு. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும்.

நிலாவெளி வாசகர்: இரண்டாம் உலகப் போருக்கு இங்கே கட்டாயப்படுத்தியா ஆள் சேர்த்தார்கள்?

இல்லை. இலங்கையில் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. சேர்ந்தவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள்தான்.

மட்டக்களப்பு வாசகி: எங்கள் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலின் மாலுமிகளைச் சாம்பல்தீவு மயானத்திலா அடக்கம் செய்தார்கள்?

ஹெர்மிஸ் பிரித்தானிய விமானந்தாங்கி, மேலே சொன்ன 1942 ஏப்ரல் தாக்குதல் வருகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவே திருமலையை விட்டுப் புறப்பட்ட கப்பல். தன் விமானங்கள் இல்லாமலே போய், மறுநாள் உங்கள் கரைக்கு அப்பால் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. நீந்திக்கொண்டிருந்த பலரை 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் காப்பாற்றியது. கடலோடு போனவர்களுக்குக் கல்லறை இல்லை தங்கச்சி. அவர்களுடைய பெயர்கள் போர்ட்ஸ்மத், பிளிமத் போன்ற இங்கிலாந்துத் துறைமுக நகரங்களின் நினைவுத் தூண்களில் இருக்கின்றன.

நீங்கள் கேட்ட, நிலாவெளி வீதியிலுள்ள அந்தச் சாம்பல்தீவு மயானத்தைப் பராமரிப்பது பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு. அதன் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துக் காசில்லாமல் தேடலாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள், அதனால் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள்.