ஒரு மாநகராட்சி தன் குடியிருப்பாளர்களுக்கென அடையாள அட்டை கொடுக்க எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

அமெரிக்காவில் 2007-இல் நியூ ஹேவன் நகரம் இதைத் தொடங்கியது. கற்றுக்கொள்ள நல்ல மாதிரி, 2015 ஜனவரியில் வந்த நியூயார்க் அட்டை.

முதல் சிக்கல், எந்த ஆவணத்தை ஏற்பது என்பது. நியூயார்க் புள்ளிக் கணக்கு வைத்தது: ஆளை நிரூபிக்கக் குறைந்தது 3 புள்ளி, முகவரிக்கு 1. இயந்திரம் படிக்கும் வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு 3, சொந்த நாட்டுத் தூதரகம் தரும் அடையாள அட்டைக்கு 2. அண்மைய மின்கட்டண ரசீது முகவரிக்குப் போதும். ஒன்றிலாவது புகைப்படமும் ஒன்றிலாவது பிறந்த தேதியும் இருக்க வேண்டும். வீடற்றவர்களுக்குத் தங்குமிடக் கடிதம் செல்லும். இந்த வழி இல்லையென்றால் அட்டை மிகவும் தேவைப்படுபவரே வெளியே நிற்பார்.

குடியேற்ற நிலையைக் கேட்கவே கூடாது. அதைவிட முக்கியம், ஆவண நகல்களைச் சேமிக்காதது. நியூயார்க் ஆரம்பத்தில் சேமித்தது; 2016 அதிபர் தேர்தலுக்குப் பின், அவை குடியேற்ற அதிகாரிகள் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சி அழிக்க முயன்றபோது வழக்கு வந்தது. நகரம் வென்றது உண்மைதான், ஆனாலும் தேவையில்லாத தலைவலி. பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் மட்டும் வாங்கினால் அட்டையே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். நியூயார்க் அருங்காட்சியக உறுப்பினர் சலுகையைச் சேர்த்தது அதனால்தான்; எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

வங்கிகளோடு முன்கூட்டியே பேசுங்கள். பெரிய வங்கிகள் பல இதை முதன்மை ஆவணமாக ஏற்கவில்லை. வாகனம் ஓட்டவோ வேலை அனுமதிக்கோ இது உதவாது. இதை விண்ணப்பத்திலேயே அச்சிட்டுவிடுவது நல்லது.