ஃபிளமென்கோவும் ராஜஸ்தானும் – கடிதம்

வணக்கம் சார்,

யூடியூபில் நம் கதக்கும், ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமுமான ஃபிளமென்கோவும் சேர்ந்த ஒரு ஜுகல்பந்தி பார்த்து அசந்துபோனேன். கீழே ஒருவர், ஃபிளமென்கோ என்பதே ராஜஸ்தானிலிருந்து போன ஜிப்சிகளின் ஆட்டம்தான், மூலம் நம் கதக் என்று எழுதியிருந்தார். அலுவலகத்தில் இதைச் சொன்னேன். ஸ்பெயினில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், “அது ஜிப்சிகளுக்கு ரத்தத்திலேயே வருவது, மற்றவர்கள் ஆடினால் வெறும் பயிற்சி” என்றார். அப்படியானால் ரோசாலியா போன்ற பாப் பாடகிகள் அதைப் பாடுவது திருட்டா? இது யாருடைய கலை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

சுருக்கமாகச் சொல்ல வராது, ஆனால் ராஜஸ்தான் விஷயத்தை மட்டும் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஜிப்சிகள் என்று சொல்லப்படும் ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து போனவர்கள் என்பது சரிதான். அவர்கள் மொழியை வைத்து 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜெர்மானிய அறிஞர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர்கள் கிளம்பி ஆயிரம் வருடமாவது ஆகிறது. ஸ்பெயின் மண்ணில் அவர்களைப் பற்றிய முதல் பதிவு 1425இல். ஃபிளமென்கோ என்ற பெயரோடு ஒரு கலை மேடையேறுவது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். இன்று நாம் பார்க்கும் கதக் லக்னோ, ஜெய்ப்பூர் அரசவைகளில் உருத்திரண்டதும் ஏறக்குறைய 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான். இன்னும் உருவாகாத கதக்கை யார் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்? அப்புறம், ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் லட்சக்கணக்கில் ரோமாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று வேறு ஆட்டம், வேறு பாட்டு உண்டு, ஃபிளமென்கோ கிடையாது. ஸ்பெயினின் தெற்கில், அந்தலூசியாவில் மட்டும் இது ஏன் முளைத்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

அங்கே யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பல நூற்றாண்டு இஸ்லாமிய ஆட்சி, அதற்குப் பின் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு 1609க்கும் 1614க்கும் இடையில் கப்பலேற்றி விரட்டப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்கள், ஹிதானோக்கள் (ஸ்பெயினின் ரோமாக்களை அப்படித்தான் அழைக்கிறார்கள்), நிலமில்லாத கூலிகள். இந்தப் பட்டியலில் எப்போதும் விட்டுப்போகிறவர்கள் கறுப்பர்கள். 16ஆம் நூற்றாண்டு செவில் நகரம் ஐரோப்பாவின் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று. அங்கே கறுப்பர்களுக்கென்று தொடங்கப்பட்ட ஒரு தேவாலயச் சகோதரச் சங்கம் ‘லோஸ் நெக்ரிதோஸ்’ என்ற பெயரில் இன்றும் புனித வாரத்தில் ஊர்வலம் போகிறது, உறுப்பினர்கள்தான் இப்போது வெள்ளையர்கள். 1583இல் ஆபாசம் என்று தடைசெய்யப்பட்ட சரபந்தா ஆட்டம் அமெரிக்கக் காலனிகளோடு தொடர்புடையது. 1732இல் வெளிவந்த ஸ்பானிய அகராதி, ஃபந்தாங்கோவை ‘இந்தியாஸ்’ பகுதிக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த ஆட்டம் என்கிறது. அவர்கள் இந்தியாஸ் என்று சொன்னது அமெரிக்காவை. யாராவது உற்சாகமாக அதையும் ராஜஸ்தான் கணக்கில் சேர்த்துவிடப் போகிறார்கள்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். சொலேயா என்ற ஃபிளமென்கோ பாட்டு வகைக்கு ஒரு சுற்றில் 12 எண்ணிக்கை, அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12இல். மேசையில் தட்டினால் முதலில் மும்மூன்றாக நடந்து, பிறகு சட்டென்று இரண்டிரண்டாக ஓடுவது கைக்குத் தெரியும். மூன்றும் இரண்டும் இப்படி மாறிமாறி வருவது கியூபா வழியாக வந்த குவாஹிரா என்ற பாட்டு வகையிலும் உண்டு. காதிஸ் துறைமுகத்துக்கும் ஹவானாவுக்கும் இடையே கப்பலில் சரக்கோடு பாட்டும் போய்வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். இன்று ஃபிளமென்கோ மேடையில் ஒருவர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து தட்டுகிறாரே, கஹோன், அது பெருவில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் உருவாக்கிய கருவி. ஃபிளமென்கோ கிட்டார் கலைஞர் பாகோ தே லூசியா அதை லிமாவில் கண்டு கொண்டுவந்தது 1970களின் கடைசியில்தான். இப்போது கேட்டால் ஆதிகாலத்திலிருந்து இருப்பதுபோல இருக்கும்.

1900 பாரிஸ் கண்காட்சியில் லூமியேர் நிறுவனம் எடுத்த ஒரு குட்டிப் படத் துண்டு இருக்கிறது. ஸ்பானியக் குழுவோடு ஒரு கறுப்பர் ஆடுகிறார். ரொம்ப காலம் கழித்துத்தான் அவர் ஹசிந்தோ பாதியா, மேடைப்பெயர் ‘எல் நெக்ரோ மெரி’ என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். ஃபிளமென்கோ படமாக்கப்பட்ட ஆரம்ப நாட்களிலேயே சட்டகத்துக்குள் நின்றவரை வரலாறு வெளியே வைத்திருந்தது.

அதற்காக ஹிதானோக்களின் பங்கு குறைவு என்று சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் இந்தக் கலை இல்லை. ஆனால் காரணம் ரத்தம் அல்ல, அவர்கள் மேல் நடந்த வரலாறு. 1749 ஜூலை 30, மன்னர் ஆறாம் ஃபெர்னாந்தோவின் அமைச்சர் என்செனாதா திட்டம் போட்டு நாடு முழுக்க ஹிதானோக்களை வளைத்துப் பிடிக்கிறார்கள். சுமார் 9,000 பேர். ஆண்களையும் பையன்களையும் கடற்படைக் கிடங்குகளில் கட்டாய வேலைக்கு அனுப்பி, பெண்களையும் சிறு குழந்தைகளையும் வேறு ஊர்களில் அடைத்தார்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட்டால் இனமே அற்றுப்போகும் என்பது கணக்கு. இதில் சிக்கியவர்கள் பெரும்பாலும் வீடு, தொழில், ஞானஸ்நானம் என்று ஊரோடு ஒட்டி வாழ்ந்தவர்கள், ஏனென்றால் விலாசம் இருந்தது அவர்களுக்குத்தான். கடைசி ஆட்கள் வெளியே வர 1765 ஆயிற்று. 1783இல் மூன்றாம் கார்லோஸ் அவர்களும் குடிமக்களே என்று சட்டம் போட்டார், உடையையும் மொழியையும் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கிட்டார்கூட இல்லாமல் பாடும் பாட்டு வகைகளில் மார்த்தினேத்தேயைக் கொல்லன் பட்டறையோடும், கார்செலேராவைச் சிறையோடும் சேர்த்தே பேசுவார்கள். ஹெரேஸ், காதிஸ், செவிலின் திரியானா என்று நாம் அறிந்த முதல் பாடகர்களின் பெயர்கள் வருவது இதற்கு அடுத்த தலைமுறைகளில்தான்.

அப்போதே கலப்பும் தொடங்கிவிட்டது. எல் ஃபியோ என்ற ஹிதானோ பாடகரிடமிருந்து கற்ற சில்வேரியோ ஃப்ராங்கோனெத்தியின் அப்பா இத்தாலியர். சில்வேரியோ செவிலில் பாட்டு கஃபே நடத்தினார், காசு வாங்கிக்கொண்டு ரசிகர்களுக்குப் பாடும் கலையாக இது நிலைத்தது அங்கேதான். உடனே, 1881இலேயே, கஃபேக்கள் வந்து ஹிதானோ குணத்தைக் கெடுத்துவிட்டன என்று நாட்டார் ஆய்வாளர் மச்சாதோ இ ஆல்வாரெஸ் புலம்பிவிட்டார். 1922இல் கிரனாதாவில் இசையமைப்பாளர் ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் நடத்திய பாட்டுப் போட்டியில் தொழில்முறைப் பாடகர்களுக்கு இடமில்லை. பிழைப்புக்குப் பாடுகிறவன் அசுத்தம், பாமரன் சுத்தம் என்பது படித்தவர்களின் பழைய வியாதி, எனக்கு அதில் துளியும் மரியாதை இல்லை. பின்னால் பாடகர் அந்தோனியோ மைரேனா 1960களில் ஹிதானோ வீடுகளுக்குள் ரகசியமாகக் காக்கப்பட்ட பாட்டு என்ற வாதத்தை வைத்தார். அவரே ஹிதானோ, அத்தனை அவமானத்துக்குப் பிறகு அப்படிச் சொல்லத் தோன்றியது புரிகிறது. ஆனாலும் ஆதாரம் போதாது.

ரத்தம் என்று புகழ்வதில் எனக்கு இன்னொரு சங்கடம். அதே திரியானாவில் தலைமுறைகளாக இருந்த ஹிதானோக்களை 1950களிலிருந்து வெளியேற்றினார்கள், பல குடும்பங்கள் ஊரின் தெற்கு ஓரத்தில் ‘மூவாயிரம் வீடுகள்’ என்ற குடியிருப்பில் போய்ச் சேர்ந்தன. இன்று சுற்றுலாப் பயணி ஃபிளமென்கோ தேடிப் போவது திரியானாவுக்கு. உங்கள் நண்பரிடம் ஆட்டக்காரர் கார்மென் அமாயாவைப் பற்றியும் சொல்லுங்கள். ஹிதானா, ஆனால் பிறந்தது அந்தலூசியாவில் இல்லை, பார்சிலோனாவின் கடற்கரைக் குடிசைப் பகுதியில். சின்ன வயதிலிருந்தே அப்பாவின் கிட்டாருக்குச் சாராயக் கடைகளில் ஆடிச் சில்லறை பொறுக்கியவர். அந்தக் கால் வித்தையெல்லாம் ரத்தத்தில் வந்தது என்றால் அவர் பட்ட பாடு எங்கே போகும்?

கடைசியாக ரோசாலியா. கத்தலோனியாக்காரர், ஹிதானா அல்ல, கல்லூரியில் முறையாகப் படித்தவர். 2018இல் அவர் ஆல்பம் பெரிதாகப் போனபோது ஹிதானோ செயல்பாட்டாளர்கள் கோபப்பட்டார்கள். பாடியதே திருட்டு என்றால் எனக்கு உடன்பாடில்லை, அந்தக் கணக்கில் பாகோ தே லூசியாவும் திருடராகிவிடுவார், அவரும் ஹிதானோ இல்லை. ஆனால் ஹிதானோ உச்சரிப்பும் நகையும் சாமிப்படமும் ஒரு வெளியாள் போட்டால் ஃபேஷன், அதையே அவர்கள் போட்டால் கடைக்குள் காவலாளி பின்னாலேயே வருகிறான் என்று அவர்கள் சொன்னால் அதற்கு ரோசாலியா ரசிகர்களிடம் பதில் இல்லை. நானும் அவர் ரசிகன்தான், என்னிடமும் இல்லை.