ஆயில் பெயின்டில் கிராமக் காட்சி: வீட்டுக்கு முன்னால் வானம்

கேள்வி: இரண்டு வருடமாக வாட்டர்கலர் பழகுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ரொமான்டிக் காலப் பாணியில், ஓடையும் கூரை வீடும் உள்ள ஒரு கிராமக் காட்சியை முதல்முறையாக ஆயிலில் முயன்றேன். பச்சை பிளாஸ்டிக் போலத் தெரிகிறது, வானம் தனியாக ஒட்டியதுபோல் நிற்கிறது, கலக்கக் கலக்க எல்லாம் சேறாகிறது. எங்கே தவறு?

வானம் காட்சியோடு சேராமல் நிற்கிறது என்றால், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமலே வீட்டையும் மரத்தையும் தொடங்கியிருப்பீர்கள். இந்தப் பாணியின் உயிர் வீட்டில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. ஒரு நிலக்காட்சியின் உணர்வைச் சுமப்பது வானம்தான் என்று ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் நண்பருக்கு எழுதினார். அந்த வருடமும் அடுத்த வருடமும் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை விடாமல் தீட்டி, பல படங்களின் பின்னால் தேதி, நேரம், காற்றின் திசை வரை குறித்துவைத்தார். அதனால் முதலில் அதே காட்சியை அஞ்சலட்டை அளவில் மூன்று முறை தீட்டுங்கள்: காலை, மழைக்கு முன், அந்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் போதும், ஜன்னல் போன்ற நுணுக்கமெல்லாம் வேண்டாம். எது மனதைப் பிடிக்கிறதோ அதைப் பெரிதாக்குங்கள்.

சரி, பெரிய கேன்வாஸ். வெள்ளையாக விடாதீர்கள். பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நன்றாக நீர்க்கவைத்துப் பூசி, துணியால் துடைத்து, காயவிடுங்கள். மேலே வரும் பச்சையின் இடைவெளிகளில் இந்தச் செம்பழுப்பு எட்டிப்பார்க்கும். பிளாஸ்டிக் பளபளப்பு பாதி இங்கேயே அடங்கிவிடும்.

வாட்டர்கலர் பழக்கம் ஒன்றை இங்கே தலைகீழாக மாற்ற வேண்டும். அங்கே தாளின் வெள்ளையைக் காப்பாற்றிக்கொண்டு வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போவீர்கள், இங்கே நிழல்களை முதலில் மெல்லிசாகப் போட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கடைசியில் கனமாக வைக்க வேண்டும். கீழடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். இதை மாற்றினால், அடியில் ஈரம் இருக்கும்போதே மேல்தோல் காய்ந்து பிற்காலத்தில் வெடிக்கும்.

டியூபில் வரும் பச்சையைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். அல்ட்ராமரைன் நீலமும் யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சளும் சேர்ந்தால் அடக்கமான பச்சை. ஐவரி கருப்பில் கேட்மியம் மஞ்சள் சேர்த்தால் ஆலிவ் பச்சை, மர நிழலுக்கு எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எது துருத்தினாலும் ஒரு துளி பர்ன்ட் சியன்னா. தொலைவில் உள்ள மரங்களுக்கு வானத்துக்குக் கலந்த நிறத்திலிருந்தே கொஞ்சம் எடுத்துச் சேருங்கள், அதே நிறம் ஓடையிலும் கூரையின் வெளிச்சப் பக்கத்திலும் வரட்டும். வானம் காட்சியோடு சேர்வது அப்படித்தான். மரம் வானத்தைத் தொடும் விளிம்பு ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தடவி மென்மையாக்குங்கள். அப்புறம் எங்காவது ஒரு சின்னச் சிவப்பு. கான்ஸ்டபிளின் 'தி ஹே வெயின்' படத்தில் ஓடையில் நிற்கும் குதிரைகளின் சேணத்தைப் பாருங்கள், அந்தச் சிறு சிவப்பு இருப்பதால்தான் சுற்றியுள்ள பச்சை இவ்வளவு உயிரோடு தெரிகிறது. அந்தப் படத்துக்கும் அவர் முதலில் முழு அளவிலேயே ஒரு முன்வரைவு தீட்டினார். அது இப்போது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சேறாவதற்குக் காரணம் கை. ஒரு கலவையில் மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனி பிரஷ், ஒரு தீற்றை வைத்தால் அதை மறுபடி தேய்க்காமல் விட்டுவிடுங்கள். சரியில்லை என்றால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

வார்னிஷுக்கு அவசரம் வேண்டாம், கனமாகப் பூசிய படம் முழுதாகக் காய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஆயில் பெயின்டில் சேரும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.