மசாஜ் கன் போட்டபின் 100 மீட்டரில் தொடக்கம் மந்தமாவது ஏன்?

ஓட்டத்துக்கு முன் தொடையில் 10 நிமிடம் மசாஜ் கன் (தசையை வேகமாகத் தட்டி அதிர வைக்கும் கைக்கருவி) போடுகிறீர்கள் என்றால், அது மிக அதிகம். ஒரு தசைக்கு 30 நொடி போதும். அதையும் வார்ம்-அப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள், ஓட்டத்துக்குச் சற்றுமுன் வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: குறுகிய நேர அதிர்வு தசைக்கதிர்களை (தசை நீள்வதை உணரும் இழைகளை) தூண்டி, தசையை அனிச்சையாகச் சுருங்க வைக்கும். அதையே நீட்டினால் அந்த உணர்விழைகளின் பதில் மங்கி, தசை உடனடியாக விசை எழுப்புவது குறையும். ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து (தொடக்கத்தில் கால் ஊன்றும் தாங்கியிலிருந்து) உதைக்கும்போது முதலில் அடிபடுவது அந்த விசைதான். தொடை 'லேசாக' இருப்பதாகத் தோன்றும். லேசும் வேகமும் ஒன்றல்ல.

சோதித்துப் பாருங்கள்:

1. இரண்டு நாள், ஒரே நேரம், ஒரே வார்ம்-அப். ஒருநாள் கன்னோடு, மறுநாள் இல்லாமல்.
2. தினமும் 30 மீட்டர் 3 ஓட்டம், இடையே 5 நிமிட ஓய்வு.
3. போனில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுத்துப் பிரேம்களை எண்ணுங்கள். கை ஸ்டாப்வாட்ச் வேண்டாம். அதன் பிழையே நீங்கள் தேடும் வித்தியாசத்தைவிடப் பெரிது.

வித்தியாசம் 0.02 நொடிக்குள் என்றால் கன்னைக் குறை சொல்லாதீர்கள், தூக்கத்தைப் பாருங்கள்.

பின்தொடையில் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் அங்கே கன் வைக்கவே கூடாது. அது தசைக்கிழிவாக இருக்கலாம், பிசியோவிடம் காட்டுங்கள்.